அரைக்கிளட்ச் மாஸ்டரும் திறந்த மூலமும்

அவரிடம் கார் ஓட்டப் பழகியவர்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. 'அரைக்கிளட்ச்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மேட்டில் வண்டி பின்னால் சரியத் தொடங்கினால் மற்ற மாஸ்டர்கள் கத்துவார்கள். இவரோ "அரைக்கிளட்ச்... அரைக்கிளட்ச்..." என்று தொட்டிலை ஆட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருப்பார். பத்தொன்பது வருடமாக ஒரே பயிற்சிப் பள்ளி, ஒரே இருக்கை. அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அது காலுக்கு மட்டும்தான். வாய்க்கு எந்தக் கம்பெனியும் பிரேக் பொருத்தித் தரவில்லை.

அவருக்கு எல்லாவற்றைப் பற்றியும் கருத்து இருந்தது. அதைக் கேட்க, தப்பிக்க வழியில்லாத ஒரு ஆளும் தினமும் கிடைத்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பவர் எந்தக் கையால் காதைப் பொத்துவார்?

"போன வருஷம் வந்த போன்ல மூணு கேமரா. இந்த வருஷம் நாலு. அடுத்த வருஷம் எட்டு வெச்சு சிலந்தின்னு பேரு போடுவான். இடது பக்கம் திரும்புங்க."

வரியைப் பற்றியும் சொல்வார். வரி கட்டுவதை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "கட்டறதுல எனக்கு வருத்தமே இல்ல. கட்டினது எங்க போச்சுன்னு கண்ணுல காட்டுங்கறேன், அவ்வளவுதான். இதோ இந்தக் குழி தெரியுதா? போன வருஷமும் இங்கதான் இருந்துச்சு. அது நம்ம வரியில இல்ல, சொந்தக் காசுல வளருது. மெதுவா, மெதுவா, அரைக்கிளட்ச்..."

இப்படி எல்லாத் திசையிலும் சமமாகப் பரவியிருந்த மனிதரை ஒரே திசையில் இழுத்துப்போனது, தரை கூட்டுகிற ஒரு இயந்திரம்.

அவர் மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவர். நாள் முழுக்க நோயாளிகளைச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்து துடைப்பம் பிடிக்க முடியவில்லை என்று, தானே நகர்ந்து தரை கூட்டுகிற வட்ட இயந்திரம் ஒன்றை வாங்கினார். இரண்டு வருடம் அது ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் காலையில் கூடத்தின் நடுவே வந்து, யாரையோ எதிர்பார்ப்பது போல நின்றது. பிறகு நகரவேயில்லை. அதைச் செய்த கம்பெனி கடையைக் கட்டிவிட்டதாம். கம்பெனியின் கணினியைக் கேட்காமல் இயந்திரம் ஒரு அடிகூட எடுத்து வைக்காதாம்.

"நம்ம வீட்டுத் தரை, நம்ம வீட்டுக் குப்பை, நாம வாங்கின மெஷின். கூட்டறதுக்கு மட்டும் எங்கயோ இருக்கற ஒருத்தன் தலையாட்டணுமா?" என்று மாஸ்டர் பொருமினார்.

அப்போது அவரிடம் ரிவர்ஸ் பழகிக்கொண்டிருந்த மென்பொருள்காரப் பெண் ஒருத்தி, பின்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்: "மாஸ்டர், அதுக்கு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கு. உலகத்துல நிறைய பேர் சேர்ந்து எழுதி, இப்படித்தான் எழுதியிருக்கோம்னு எல்லாருக்கும் திறந்து வெச்சிருப்பாங்க. காசு கிடையாது. நீங்களே போட்டுக்கலாம்."

மாஸ்டர் போட்டுக்கொண்டார். தமிழில் விளக்கம் எழுதிவைத்திருந்த சில நல்லவர்களின் பக்கங்களைத் தேடிப்பிடித்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை தரையில் குப்புறப் படுத்து, இயந்திரத்தின் வயிற்றில் கம்பியைச் செருகி, சாண் ஏறி முழம் சறுக்கி, கடைசியில் அதை எழுப்பிவிட்டார். முதல் நாள் முழுக்க அது நாற்காலியின் ஒரே காலைச் சுற்றிச்சுற்றி வந்தது. இரண்டாம் நாள் நேராக ஓடியது. மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தத் தமிழ்ப் பக்கங்களில் ஓப்பன் சோர்ஸுக்கு 'திறந்த மூலம்' என்று போட்டிருந்தார்கள். மாஸ்டருக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து வேறு மாதிரி சொல்ல யாரையும் அவர் விடவில்லை.

அதன்பின் வீட்டில் ஒரு பொருளும் தப்பவில்லை. தொலைக்காட்சிக்குத் திறந்த மூலம் போட்டார். அது உயிர்பெற நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது. சத்தத்தைக் கூட்டினால் வெளிச்சமும் சேர்ந்து கூடியது. வெளிச்சத்தைக் குறைத்தால் வசனம் கேட்கவில்லை. மனைவி கருப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு செய்தி பார்த்தார். வாசல் மணிக்கும் போட்டார். யாராவது அழுத்தினால் மணி அடிக்காமல் சமையலறை விளக்கு அணைந்தது.

"விளக்கு அணைஞ்சா யாரோ வந்திருக்காங்கன்னு அர்த்தம். இதுல என்ன கஷ்டம்?" என்றார் மாஸ்டர்.

"கரண்ட் போனா?"

"கரண்ட் போனாலும் போய்த் திறந்து பாரு. யாராவது இருக்கலாம்."

அந்த வாரம் மனைவி தன் அக்காவுக்குப் போன் செய்து மனக்குறையைக் கொட்டினார். அக்கா வேறு நகரத்தில் இருப்பவர். இளகிய மனசு. காது மட்டும் காது காது என்றால் லேது லேது என்கிற ரகம். போதாததற்கு அன்றைக்கு லைனில் கரகரப்பு வேறு.

"என்னத்தச் சொல்ல அக்கா, இவருக்குத் திறந்த மூலம் வந்ததுல இருந்து வீட்டுல நிம்மதியே இல்ல. ஞாயித்துக்கிழமை பூரா அதோடவே கிடக்கறாரு. வேற பேச்சே கிடையாது."

"மூலமா?" என்றார் அக்கா.

"ஆமா, திறந்த மூலம். முத்திப்போச்சு."

"பாவம்டி, நாள் பூரா உக்காந்தே பாக்கற வேலை. வராம என்ன செய்யும்?"

"இவரும் அதையேதான் சொல்றாரு. காருக்குள்ள உக்காந்து யோசிச்சதுலதான் வந்துச்சாம்."

நான்கு நாளில் ஒரு பார்சல் வந்தது. நடுவில் ஓட்டை வைத்த வட்ட மெத்தை ஒன்றும், ஒரு டப்பா உலர்ந்த அத்திப்பழமும் இருந்தன. மாஸ்டர் மெத்தையைக் காரில் போட்டு உட்கார்ந்து பார்த்தார். சுகமாக இருந்தது. "உங்க அக்காவுக்குத்தான் எவ்ளோ அக்கறை பாரு!" என்று உருகினார். அத்திப்பழத்தை அன்றைக்குப் பயிற்சிக்கு வந்தவருடன் பகிர்ந்துகொண்டார்.

அக்காவின் கணவர், அதாவது மாஸ்டரின் சகலை, வரிப் படிவம் நிரப்பித் தருவதைத் தொழிலாக வைத்திருப்பவர். ஒவ்வொரு வருடமும் மாஸ்டருடைய படிவத்தையும் அவரே போட்டுவிடுவார். அந்த வருடம் படிவம் அனுப்பும் முன் போன் செய்தார்.

"கேள்விப்பட்டேன் சகலை. வெக்கப்படாதீங்க. எனக்கும் ரெண்டு வருஷம் இருந்துச்சு."

"உங்களுக்குமா? ஒரு வார்த்தை சொல்லலையே!"

"இதெல்லாம் வெளிய சொல்ற விஷயமா?"

"வெளிய சொன்னாத்தானே சகலை நாலு பேருக்குப் பயன்படும்? நான் பார்க்கிறவங்க எல்லார்கிட்டயும் சொல்றேன். வண்டி பழக வர்றவங்ககிட்ட முதல் நாளே சொல்லிடுவேன்."

சகலை எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. "தைரியம்தான் உங்களுக்கு. சரி, வரிப் படிவத்துல இதைக் காட்டிடறேன். சலுகை கிடைக்கும்."

"இதுக்குச் சலுகை வேற தர்றாங்களா? அரசாங்கத்துக்கு இப்பவாவது புத்தி வந்துச்சே!"

"ஆதாரம் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"நேர்ல வாங்க. எல்லாத்தையும் திறந்தே காட்டறேன்."

"வேண்டாம், வேண்டாம்" என்று சகலை அவசரமாகப் போனை வைத்தார். வைத்த கையோடு, மாஸ்டருக்கு நாட்பட்ட மூல நோய் என்றும், அதனால் மருத்துவச் செலவுச் சலுகை வேண்டும் என்றும் நல்லெண்ணத்தோடு படிவத்தில் ஏற்றிவிட்டார்.

மாஸ்டரும் சும்மா இருக்கவில்லை. எப்படித்தான் இருக்கிறதென்று பார்க்க அவர் இறக்கிய வரி கட்டும் மென்பொருள், திறந்த மூலம் போட்ட வீட்டுக் கணினியில் ஓட மறுத்ததில் அவருக்கு ஏகக் கோபம். வரித்துறைக்கு ஒரு மனு எழுதிப் போட்டிருந்தார். 'மக்கள் வரிப்பணத்தில் உருவான உங்கள் மூலத்தை மக்களுக்குத் திறந்து காட்ட வேண்டும். மூடி வைப்பதால்தான் உள்ளே புழு வைக்கிறது. பலர் பார்த்தால் சீக்கிரம் குணமாகும்' என்பது அதன் சாரம்.

எனவே, 'தங்கள் மூலம் தொடர்பான விசாரணைக்கு நேரில் வரவும்' என்று வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோது மாஸ்டர் துள்ளிக் குதித்தார். இஸ்திரி போட்ட சட்டை அணிந்துகொண்டார். வரலாற்றுச் சம்பவத்துக்குச் சாட்சி வேண்டும் என்று மனைவியை அரைநாள் விடுப்பு எடுக்க வைத்தார்.

இரண்டாம் மாடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் போட்டிருந்த அதிகாரி அம்மாள் ஒருவர் இருந்தார். "உக்காருங்க சார்" என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, "நிக்கறதுன்னாலும் பரவாயில்ல. உங்க வசதி" என்றார்.

என்ன மரியாதை, என்ன மரியாதை என்று எண்ணியபடி மாஸ்டர் உட்கார்ந்தார்.

"சலுகை கேட்டிருக்கீங்க, ஆனா ரசீது ஒண்ணும் இல்ல. அதனால சில கேள்வி கேக்கணும். எப்ப ஆரம்பிச்சது?"

"ஒரு வருஷம் இருக்கும் மேடம். தரை கூட்டற வேலையிலதான் ஆரம்பிச்சது."

"குனிஞ்சு நிமிர்ந்ததுலயா?"

"குனியறதா? மூணு ஞாயித்துக்கிழமை குப்புறவே கிடந்தேன்."

"அடடா. எந்த டாக்டர்கிட்ட காட்டறீங்க?"

"டாக்டர் எதுக்கு மேடம்? உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேர் இதுக்குன்னே இருக்காங்க. ஒரு படம் எடுத்துப் போட்டா போதும், பத்தே நிமிஷத்துல பாத்து என்ன கோளாறுன்னு சொல்லிடறாங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "படத்த எங்க போட்டீங்க?"

"பொதுவுலதான். எல்லாரும் பாக்கற இடத்துல. மூடி மறைக்கறதுல எனக்கு நம்பிக்கை இல்ல. நீங்க பாக்கணும்னாலும் இப்பவே காட்டறேன்" என்று மாஸ்டர் விருட்டென்று எழுந்து, திரும்பி, பின்பாக்கெட்டில் இருந்த போனை எடுக்கக் கையைக் கொண்டுபோனார்.

"சார்! வேண்டாம் சார்! உக்காருங்க!" அதிகாரி அம்மாள் நாற்காலியோடு பின்னால் உருண்டு அலமாரியில் முட்டிக்கொண்டார். பக்கத்து மேசை எழுத்தர் கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த மனைவிக்கு அந்த நொடியில்தான் எல்லாம் விளங்கியது. அக்காவின் 'மூலமா?', ஓட்டை வைத்த மெத்தை, அத்திப்பழம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கைப்பையை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று எழுத்தர் தண்ணீர் எடுத்து வந்தார்.

"மேடம்..." மூச்சு வாங்கியது மனைவிக்கு. "இவருக்கு ஒண்ணும் இல்ல. இவரு சொல்றது ஓப்பன் சோர்ஸ். கம்ப்யூட்டர்ல போடறது."

அதிகாரி அம்மாள் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தன் கையிலிருந்த போனைப் பார்த்தார். அதில் தரை கூட்டும் இயந்திரத்தின் வயிறு திறந்து கிடந்தது.

"அப்ப அந்த மனு?" என்றார் அதிகாரி மெதுவாக. "உங்க மூலத்தைத் திறந்து காட்டுங்கன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. யாரோ மனநிலை சரியில்லாதவருன்னு நினைச்சு சுகாதாரத் துறைக்கு அனுப்பிட்டோம். அதுவும் நீங்கதானா?"

"நான்தான்" என்றார் மாஸ்டர். பத்தொன்பது வருடத்தில் அவர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னது அதுதான் முதல் முறை.

பிறகு அதிகாரி அம்மாள் சிரித்த சிரிப்பில் கழுத்துச் சங்கிலி அறுந்து மூக்குக் கண்ணாடி மேசைக்கு அடியில் போய்விட்டது. எழுத்தரும் மாஸ்டரும் தவழ்ந்து தேடி எடுத்தார்கள். சலுகை நீக்கப்பட்டது. திருத்தப் படிவத்தில் மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். மனைவி அக்காவின் போன் கதையைச் சொல்லக் கேட்டு, ஏமாற்றும் எண்ணமில்லை, காது கோளாறுதான் என்று குறிப்பெழுதி அபராதமில்லாமல் முடித்துவைத்தார்கள்.

கிளம்பும்போது மாஸ்டருக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "இருந்தாலும் மேடம், அந்த மென்பொருளை எங்களுக்குத் திறந்து காட்டலாமில்ல?"

"எங்களுக்கே காட்டல சார்" என்றார் அதிகாரி அம்மாள், கண்ணைத் துடைத்தபடி. "எழுதினது வெளிக் கம்பெனி. நின்னுபோச்சுன்னு போன் பண்ணினா, அணைச்சுப் போட்டுப் பாருங்கங்கறான். நாங்களும் தினம் அணைச்சுப் போட்டுக்கிட்டு இருக்கோம்."

வரித்துறைமேல் மாஸ்டருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக இரக்கம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அக்காவைக் கூப்பிட்டு, ஒவ்வொரு எழுத்தாக, கரகரப்பில்லாத லைனில் விளக்கினார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அவருக்கு ஒண்ணுமே இல்லையா?" என்றார். குரலில் நிம்மதி பாதி, ஏமாற்றம் பாதி.

"ஒண்ணுமே இல்ல."

"சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேடி! இப்ப போய் கம்ப்யூட்டர் அது இதுன்னா என்னைத்தானே செவிடுன்னு சிரிப்பாங்க. பேசாம குணமாயிடுச்சுன்னு சொல்லிடறேன்."

சொன்னார். அதுதான் வினையாகப் போயிற்று. அறுவைச் சிகிச்சை இல்லாமல், மருந்து மாத்திரை இல்லாமல், ஒரே மாதத்தில் முற்றிய மூலம் குணமானவர் என்று குடும்பம் முழுக்க மாஸ்டரின் புகழ் பரவியது. மறுவாரமே மனைவியின் பெரியப்பா போன் செய்தார். நல்ல மனிதர், இருபது வருடமாக இந்தத் தொந்தரவோடு வாழ்கிறவர்.

"மாப்ள, எப்படித்தான் சரிபண்ணினீங்க? என்கிட்ட மட்டும் சொல்லுங்க."

மனைவி பக்கத்தில் நின்று, உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று கையைக் காலை ஆட்டி ஜாடை காட்டினார். மாஸ்டரும் சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் ஒருவர் தானாக வந்து கருத்துக் கேட்பது அவர் வாழ்க்கையில் இதுவரை நடந்ததேயில்லை. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முதல்ல தண்ணி நிறைய குடிங்க மாமா" என்று தொடங்கினார்.