கால்கள் போட்ட தாளம்

நானும் என் தோஸ்தும் திருவொற்றியூரில் கச்சேரிக் குழு வைத்திருக்கிறோம். அவன் கீபோர்டு, நான் டிரம்ஸ். வார நாட்களில் இருவரும் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறோம். இரண்டில் ஒன்றை விட்டுவிடு என்று சொல்லாத ஆள் எங்கள் தெருவில் இல்லை. எதற்கு விட வேண்டும்?

ஆரம்பத்தில் ஒருநாள், நேராகப் போக வேண்டிய விமானத்தின் மூக்கு இடமும் வலமுமாக ஆடியது. காற்று அமைதியாகத்தான் இருந்தது. பக்கத்திலிருந்த பயிற்சியாளர் குனிந்து என் கால்களைப் பார்த்தார். டிரம்ஸில் இரண்டு கால்களுக்கும் வேலை உண்டு. இன்ஜின் சத்தம் கேட்டதும், வாலிலுள்ள சுக்கானைத் திருப்பும் பெடல்களில் அவை தாளம் போட ஆரம்பித்திருந்தன.

"டிரம்ஸை மறந்துடுங்க தம்பி, இல்லன்னா கால் அடங்காது" என்றார்.

பின் இருக்கையிலிருந்த தோஸ்து, இறங்கியதும் என் காதில் சொன்னான்: "இன்னாத்துக்கு மறக்கணும்? வண்டி நிக்கிற வரிக்கும் அடக்கிக்கோ மாமு."

அப்படியே அடக்கினேன். முதன்முதலாகத் தனியாகப் பறந்த அன்று மூக்கு துளியும் ஆடவில்லை. தரையிறங்கி, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்த பிறகுதான் கால்களை அவிழ்த்துவிட்டேன். வாலில் சுக்கான் வெட்டி வெட்டி ஆடுவதைப் பார்த்த பயிற்சியாளர் பதறி ஓடிவந்தார். தோஸ்து நின்ற இடத்திலேயே அதே தாளத்துக்குக் கைதட்டிக்கொண்டு கத்தினான்:

"வண்டிக்கு ஒண்ணும் ஆவல சார்! அது நம்ம கச்சேரில மொதப் பாட்டு!"