கண்ட்ரோல் பேனல் காணாமல் போன மூன்று வாரம்

சித்தப்பா கல்யாணமாகி நாற்பதாம் நாள் துபாய்க்குத் திரும்பிப் போகும் முன், எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்துவிட்டுப் போனார். சித்தியை எங்களோடு விட்டுப் போயிருந்தார். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, மானிட்டர் மேல் உட்கார்ந்திருந்த சின்னக் கேமராவின் வழியே அவர் சித்தியோடு பேசுவார்.

சாப்பாடு, மழை எல்லாம் விசாரித்தபின் என்னைக் கூப்பிடுவார். "கேமராவ ஒண்ணு சுத்திக் காட்டு மக்கா." அப்போது எட்டாம் வகுப்பில் இருந்த எனக்கு அது பெரிய உத்தியோகம். வயர் எட்டும் மட்டும் இழுத்து வாசலையும், செருப்பு கிடக்கும் இடத்தையும், அடுக்களை வாசலையும் காட்டுவேன். அது யார் குடை, இது யார் செருப்பு என்று கேட்பார். சித்தப்பாவுக்கு வீட்டின் மேல் எவ்வளவு ஆசை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் கேமரா இருண்டுபோனது. அதைச் சரிசெய்ய, கம்ப்யூட்டரின் அமைப்புகளை மாற்றும் கண்ட்ரோல் பேனலைத் தேடினால், அது இருந்த இடத்தில் இல்லை. வேறு வழியாகத் திறக்கப் பார்த்தேன். இந்தக் கம்ப்யூட்டரில் இதற்குத் தடை இருக்கிறது, நிர்வாகியைக் கேளுங்கள் என்று இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்தது.

"ஆரு சித்தி நிர்வாகி?"

"ஆருக்குத் தெரியும் மக்கா. வைரஸா இருக்கும்."

அந்த வருஷம் ஊரெல்லாம் காய்ச்சல். கம்ப்யூட்டருக்கும் வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. நாகர்கோவிலிலிருந்து ஆளைக் கூட்டிவருவதாக அப்பா சொன்னார். அறுப்பு முடியட்டும், என்ன அவசரம் என்றாள் சித்தி.

சித்தப்பா செல்போனில் கூப்பிட ஆரம்பித்தார். அந்த நாட்களில் சித்தி மத்தியானம் இரண்டு மணி பஸ்ஸில் நாகர்கோவிலுக்குப் போனாள். கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவள். அங்கே மறுபடியும் ஆள் தேவைப்பட்டிருந்தது. ஐந்து மணி போனை அவள் அங்கே இருந்தபடியே எடுத்துப் பேசியிருக்க வேண்டும். பொழுது சாயும்போது, மடிப்பு கலையாத சேலையும் கையில் வடைப் பொட்டலமுமாக வந்து இறங்குவாள். வகுப்பில் யார் என்ன தப்பு செய்தார்கள் என்று அவள் நடித்துக் காட்ட, அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சித்தி இத்தனை பேசுவாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

எனக்கோ காணாமல் போனதைக் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் சாரிடம் கேட்டேன். ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். "வைரஸ் இவ்வளவு சுத்தமா செய்யாது. வெவரம் தெரிஞ்ச கையாக்கும்" என்றார். அதை வைரஸுக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, சித்தி குளிக்கப் போன நேரம். சார் எழுதியதை எழுத்துக்கு எழுத்து அடித்தேன். நீளமான ஒரு பட்டியல் திறந்தது. அதில் ஒரே ஒரு வரியில் மட்டும் தடை போடப்பட்டிருந்தது. எடுத்துவிட்டேன். கண்ட்ரோல் பேனல் வந்துவிட்டது. உள்ளே போனால் கேமராவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. அதையும் நீக்கினேன். கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது. உடனே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

சித்தி ஈரத்தலையோடு வந்து பின்னால் நின்றாள்.

"ஏட்டி, நீயா செஞ்ச?"

"ஆமா சித்தி. சித்தப்பாட்டயும் சொல்லியாச்சு."

குனிந்து திரையைப் பார்த்தாள். "ஒரு தப்பும் இல்லாம செஞ்சிருக்க மக்கா" என்று என் தலையைத் தடவினாள்.

மறுநாள் அவள் பஸ்ஸுக்குப் போகவில்லை. ஐந்து மணிக்குச் சித்தப்பா திரையில் வந்தார். நான் கேமராவைச் சுற்றினேன்.

"கதவுக்குப் பின்னால அது என்ன பை?"

"சித்தி கிளாஸ் எடுக்கப் போற பை சித்தப்பா! நாகர்கோவில்ல."

திரையில் சித்தப்பா அசையாமல் இருந்தார். நெட் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். "நீ போய்ப் படி மக்கா" என்றார். அம்மா வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தியது சித்திதான்.

அதன்பின் அவள் நாகர்கோவிலுக்குப் போகவில்லை. கேட்டபோது, "பிள்ளைகளுக்கு லீவு" என்றாள். ஊருக்கு வந்த ஒருவரிடம் சித்தப்பா எனக்கு ஒரு டப்பா நிறைய சாக்லேட் கொடுத்தனுப்பினார். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்ததற்கு என்று சொல்லி, வகுப்பு முழுக்கப் பங்கு வைத்தேன்.

இப்போது நான் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். அந்தத் தடையை யாராவது உட்கார்ந்து, அந்த வரியைத் தேடி, கையால்தான் போட வேண்டும். எங்கள் வீட்டில் அது தெரிந்தவள் ஒருத்திதான். மறுநாளே அவள் அதை மறுபடியும் மறைத்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் அதைத் திறக்கத் தெரிந்த ஒருத்தி அதற்குள் அதே வீட்டில் உருவாகியிருந்தாள்.

அன்று எனக்கு இதெல்லாம் எட்டவில்லை. எப்படியும் மறுபடி கெட்டுப்போகும், மறுபடி நான்தான் சரிசெய்வேன் என்று அந்தப் பரீட்சை லீவு முழுக்கக் காத்திருந்தேன். கெடவே இல்லை.