டை பிடிக்கும் நேரத்து நாவல்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மருந்துக் கடைக்கு மேல்மாடியில், ஜெகதீஸ்வரியின் பெண்கள் சலூன் இருக்கிறது. அங்கே தலைக்கு டை பூசிக்கொண்டவர்கள் அது பிடிக்கும்வரை இடத்தைவிட்டு அசைய முடியாது. கழுத்தில் துவாயும் தலையில் பிளாஸ்ரிக் தொப்பியுமாகத் தெருவில் இறங்க யாருக்கு மனம் வரும்? அந்த நேரம் பார்த்துத்தான் ஜெகதீஸ்வரி அவர்களுக்கு ஒரு நாவலை வாசித்துக்காட்டத் தொடங்கினாள். ஓடித் தப்ப வழியில்லாத ரசிகர்கள் எந்த எழுத்தாளருக்கும் இலேசில் கிடைப்பதில்லை.

நாவல் பழையது, பேர்போனது. நல்ல உத்தியோகமும் நல்ல புருஷனும் உள்ள ஒருத்தி ஒருநாள் படுக்கிறாள். பிறகு எழும்ப மனமே வரவில்லை. தலைகூட வாருவதில்லை. மனச்சோர்வு என்கிறார் வைத்தியர். வீட்டார் நம்புவதாயில்லை.

ஜெகதீஸ்வரிக்கு நாவலில் அப்படியொன்றும் மோகம் கிடையாது. அவளுக்கு வேண்டியிருந்தது கேட்பவர்களின் அபிப்பிராயம். தெஹிவளையில், அக்காவும் தங்கையுமாக இருந்த ஃபிளாட்டில், தங்கை சுபோதினியும் அப்படித்தான் படுத்திருந்தாள். சலூனில் டை பூசுவது சுபோதினியின் வேலை. மாதக்கணக்காக அவள் வரவில்லை; ஜெகதீஸ்வரியே பூசினாள். வைத்தியரிடம் காட்டி மருந்து எடுக்கிறாள்தான். ஆனால் வெளியில் கேட்டவர்களுக்கெல்லாம் ஜெகதீஸ்வரி வாய்க்கு வந்த ஒரு வயிற்று வருத்தத்தைச் சொல்லிவைத்திருந்தாள். கஸ்ரிக்.

அது பெரிய வினையாகிவிட்டது. வெள்ளவத்தையில் கஸ்ரிக்குக்குக் கைமருந்து தெரியாத பெண் உண்டா? மணத்தக்காளிக் குழம்பு வந்தது, வெந்தயக் கஞ்சி வந்தது, செவ்விளநீர் குலையோடு வந்தது, மாதுளம்பழம் பெட்டியோடு வந்தது. மெய்யைச் சொல்லலாம்தான். ஆனால் தங்கைக்கு விசர், பைத்தியம் என்று பட்டம் கட்டிவிட்டார்கள் என்றால், அவள் திரும்பிவந்து எந்த முகத்தோடு இந்தக் கதிரைகளுக்குப் பின்னால் நிற்பாள்? நாவலில் படுத்திருப்பவளை என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தங்கையைப் பற்றி வாய் திறக்கலாம் என்று ஜெகதீஸ்வரி நினைத்திருந்தாள்.

ரசிகர்கள் குறைவைக்கவில்லை. சேலைக்கடை ஸமீமா, முதலில் தைரொயிட் பார்க்கவேண்டும் என்றாள். ஒருத்தி ஏழரைச் சனி என்றாள். இன்னொருத்திக்குப் புருஷன்மேல் சந்தேகம். அவன் பெண்டாட்டிக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்த அத்தியாயத்தில்கூட அவள் அவனை விடவில்லை. நரையே தெரியாதவர்களும் அடுத்த அத்தியாயத்துக்காக வந்து டை பூசிக்கொண்டார்கள். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது.

பத்மாவதி அன்ரிதான் பயங்கரம். பள்ளிக்கூடத்தில் உப அதிபராயிருந்து ஓய்வுபெற்றவர்; வாய் மட்டும் ஓய்வுபெறவில்லை. நாவலில் படுத்திருப்பவளுக்குக் கொழுப்பு, நாலு வீட்டில் பாத்திரம் கழுவவிட்டால் தானாக எழும்புவாள் என்று தீர்ப்புச் சொன்னார். அன்றைக்கு ஜெகதீஸ்வரி மிச்ச அத்தியாயத்தை வாசிக்காமலே புத்தகத்தை மூடிவைத்தாள்.

உறவினர்கள் நோயாளியைப் பார்க்கவரும் அத்தியாயம் வந்தது. வருகிற ஒவ்வொருவரும் புத்தி சொல்கிறார்கள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறாள். பத்மாவதி அன்ரி தொப்பியோடு நிமிர்ந்தார்.

"நிப்பாட்டு பிள்ளை. வாறவை எல்லாரும் ஏன் இப்பிடி அலட்டினம்? ஒருத்தராவது வாயைப் பொத்திக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில இருக்கக்கூடாதே?"

இதை யார் சொல்வது என்று ஸமீமா சிரித்துவிட்டாள். ஜெகதீஸ்வரி சிரிக்கவில்லை. புத்தகத்தை மடியில் வைத்தாள்.

"அன்ரி, என்ர தங்கச்சியும் இப்பிடித்தான் படுத்திருக்கிறாள். கஸ்ரிக் இல்லை."

 ஸமீமா, தான் அனுப்பிய மாதுளம்பழங்கள் எல்லாம் என்னவாயின என்று மெல்லக் கேட்டாள். தானே சாப்பிட்டுத் தீர்த்ததை ஜெகதீஸ்வரி ஒப்புக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் அழுதுகொண்டே சிரித்தாள். விசர் என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை அவளைப் பாக்க வாறன். வாயே திறக்கமாட்டன்" என்றார் பத்மாவதி அன்ரி.

 அந்த மனுஷி வாய் திறக்காமல் இருந்ததை வெள்ளவத்தையில் கண்டவர் கிடையாது.

ஆனால் சொன்ன சொல் தவறவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தார். சுபோதினி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெகதீஸ்வரி தேத்தண்ணீர் போடக் குசினிக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் அறையிலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. பேசாமலிருந்த களைப்பில் அன்ரி தூங்கிப்போயிருந்தார். தங்கையைப் பார்க்க வந்தவர் இப்படித் தூங்குவதா என்று வெட்கப்பட்டு, எழுப்புவதற்காக ஓடிவந்த ஜெகதீஸ்வரி, அறைவாசலில் அப்படியே நின்றாள்.

சாப்பிடக்கூட ஆள் வந்து எழுப்பவேண்டிய சுபோதினி, தானாக எழும்பி நின்றாள். மேசை விசிறியை அன்ரியின் பக்கம் திருப்பிவிட்டாள். பிறகு குனிந்து, குறட்டை விடும் அந்தத் தலையை வலமும் இடமுமாகப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள், குரலைத் தாழ்த்தி. "காதுக்குப் பின்னால டை பூசாமல் விட்டிட்டியள்."

ஜெகதீஸ்வரிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. இத்தனை காலத் தொழிலில், வேலையில் குறை சொல்லக் கேட்டு அவள் மகிழ்ந்தது அதுதான் முதல் தடவை.