இடப்பக்கம் எண்டுதான் போட்டிருக்கு

பழைய எஞ்சின் ஓயிலும் உடுப்புத் தோய்க்கும் தூளும் கலந்தால் ஒரு மணம் வரும், கொஞ்சம் இனிப்பாக, கொஞ்சம் தலையிடிப்பது போல. சுவிட்சர்லாந்தின் துன் நகரில் நாங்கள் இருந்த தொடர்மாடியின் நிலக்கீழ் அறைகளில், அதாவது எல்லாரும் 'கெல்லர்' என்று சொல்லும் இடத்தில், இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, சரியாக நினைவில்லை, ஒரு வசந்தகாலம் முழுக்க அந்த மணம்தான். ஒரு பக்கத்தில் எங்களுக்குக் குறித்துத் தந்த நாளில் அம்மா உடுப்புத் தோய்ப்பார். மற்றப் பக்கத்தில் அப்பா ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பலகையில் வைத்துக் கழற்றிக்கொண்டிருப்பார். நடுவில் நான், பதின்மூன்று வயதில், அந்த எஞ்சினைத் திருத்தும் முறை சொல்லும் ஜெர்மன் புத்தகத்தோடு.

எஞ்சின் அப்பாவை விட வயது கூடியது. பல வருடம் யாருடையதோ மாட்டுத் தொழுவத்தில் கிடந்து இறுகிப்போனது. அதைத் தந்தவர் பேருந்துத் தரிப்பிடத்துக்கு எதிரே கராஜ் வைத்திருந்த வயதான சுவிஸ்காரர். இதைத் திருத்தி ஓடவைத்துக் காட்டினால் பட்டறையில் வேலை தருகிறேன் என்று அவர் சொன்னதை அப்பாவுக்கு மொழிபெயர்த்தவளும் நான்தான். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் 'கராச்' வேலை செய்த அப்பா, இங்கே ஏரிக்கரை ஹோட்டலில் 'கோப்பை கழுவி' விரல்களெல்லாம் வெடித்திருந்தார். நான் சொல்லி முடித்ததும் அந்த விரல்களை ஒருமுறை பார்த்தார்.

"இரும்புக்குப் பாசை இல்லைப் பிள்ளை. ஆனா இந்தப் புத்தகத்துக்கு இருக்கு. நீ வாசி" என்பார்.

வாசித்தேன். கார்புரேட்டர் வந்தது, சிலிண்டர் வந்தது, ஒவ்வொன்றையும் அப்பா ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டுத் தமிழில் பெயர் எழுதி வைத்தார். கிளட்சுக்குப் பக்கத்தில், தண்டின் முனையில் இருந்த ஒரு பெரிய நட்டு மட்டும் அசையவில்லை. அதைப் பற்றிய புத்தகப் பக்கத்தில் கறுத்த எழுத்தில் 'ஆக்டுங், லிங்க்ஸ்கெவிண்டே' என்று இருந்தது. ஆக்டுங் என்றால் கவனம், லிங்க்ஸ் என்றால் இடது. கெவிண்டே எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முறுக்குவதற்கு ஜெர்மனில் இருக்கிற வேறொரு சொல்லின் சாயல் அதில் தெரிந்ததால், திருப்புவதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, "கவனமா இடப்பக்கம் திருப்பட்டாம் அப்பா" என்றேன்.

அப்பா இடப்பக்கம் திருப்பினார். இரண்டு நாள் எண்ணெய் ஊற்றி ஊறவைத்துத் திருப்பினார். அம்மாவின் தலைமயிர் காயவைக்கும் மெஷினைக் கொண்டுவந்து சூடு பிடித்துவிட்டுத் திருப்பினார். அம்மா ஈர உடுப்புக் கூடையோடு வாசலில் நின்று, "நட்டுக் கழலுதோ இல்லையோ, உங்களுக்கு எப்பவோ கழண்டிட்டுது" என்று சொல்ல, அப்பாவும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, நட்டுக் கழற்றும் சாவியில் கையை வைத்தபடியே, "இது இறுகிற மாதிரிக் கிடக்குப் பிள்ளை. திருப்பி வாசி" என்றார்.

நான் புத்தகத்தைப் பார்த்துத் தலையை நிமிர்த்தாமலே சொன்னேன்: "இடப்பக்கம் எண்டுதான் போட்டிருக்கு."

"அப்ப சரி" என்றார்.

அந்த வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் கைவேலைப் பாடம். உலோகம் ஒட்டுவதற்குச் சின்ன காஸ் சிலிண்டரைக் கொண்டுவந்த ஆசிரியர், இதன் மரை, அதாவது திருகின் புரி, மற்றவற்றுக்கு நேர்மாறு, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும், இடப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும் என்று சொல்லிவிட்டு, இதற்குப் பெயர் லிங்க்ஸ்கெவிண்டே என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. கெவிண்டே என்றால் திருப்புவது அல்ல, மரை.

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஓடித்தான் போனேன், சொல்லத்தான் இல்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்கே பிடிபடவில்லை. ஏச்சுக்குப் பயந்து அல்ல, அப்பா ஏசுகிறவர் இல்லை. விசாக் கடிதம், அம்மாவின் டொக்டர் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம் எல்லாம் அந்த வீட்டில் என் வாய் வழியாகத்தான் வந்தவை. இது பிழையென்றால் அவற்றில் எத்தனை பிழை? டொக்டர் சொன்ன குளிசை மருந்தை அம்மா சரியாகத்தான் எடுக்கிறாவா? இப்படி ஒன்றைப் பிடித்து இன்னொன்றுக்குப் போய், வெள்ளிக்கிழமை முழுவதும் போர்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அம்மா இஞ்சித் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

சனிக்கிழமை காலை அப்பா ஹோட்டலிலிருந்து ஒரு நீளக் குழாய் கொண்டுவந்தார். அதைச் சாவியின் பிடியில் கொளுவி, ஒரு காலைச் சுவரில் ஊன்றி, முழுப் பாரத்தையும் இடப்பக்கம் போட்டார். நான் வாசலில் நின்றேன். சொல்ல வாயைத் திறந்தேன் என்றே நினைக்கிறேன். அதற்குள் சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை, காய்ந்த சுள்ளி முறிவது போல ஒன்று. நட்டு, தண்டின் முனையையும் முறித்துக்கொண்டு அப்பாவின் கைக்கு வந்துவிட்டது.

அப்பா முறிந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்து, நட்டுக்கு வெளியே தெரிந்த மரையின் சாய்வைப் பார்த்தார். "லெப்ட் மரை" என்றார், தனக்குத்தானே. பதினொரு வருட மெக்கானிக்குக் கை சொன்னது. மகள் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னதால் கையை நம்பவில்லை. என் பக்கம் திரும்பவேயில்லை. துண்டைக் கழுவி, துடைத்து, காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ஐஸ்கிரீம் டப்பாக்களோடு கராஜுக்குப் போனோம். அப்பா நேராக நின்றுகொண்டு என்னிடம், "சொல்லு பிள்ளை. புத்தகத்தில சரியாத்தான் கிடந்தது, மகளும் சரியாத்தான் வாசிச்சவள், நான்தான் விளங்காமத் திருப்பிப்போட்டன் எண்டு சொல்லு" என்றார்.

அதை நான் மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்த்தேனா, உண்மையைச் சொன்னேனா, இரண்டையும் குழப்பி ஏதோ சொன்னேனா, எவ்வளவு யோசித்தும் வரவில்லை. என் வாயிலிருந்து வந்த சுவிஸ் ஜெர்மன் மட்டும் இன்றுவரை எனக்குக் கேட்காமலே இருக்கிறது. கராஜ்காரர் என்னைத்தான் பார்த்தார், அப்பாவையல்ல. பிறகு இந்தத் தண்டு இனி எங்கேயும் கிடைக்காது என்றும், வேலை விஷயம் இப்போதைக்குச் சரிவராது என்றும் சொன்னார். அது தெளிவாக நினைவிருக்கிறது, அதையும் அப்பாவுக்குச் சொன்னது நான்தானே.

திரும்பும் பேருந்தில் அப்பா சட்டைப்பையிலிருந்து நகரசபைக் கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். "காலமை வந்தது. என்ன எண்டு வாசி பிள்ளை."

இன்னும் என்னை நம்புகிறார் என்று காட்டவா, வேறு ஆளில்லை என்பதாலா? கேட்கவில்லை. கடிதத்தில் ஒரு சொல் விளங்கவில்லை. "இந்தச் சொல் எனக்குத் தெரியாது அப்பா" என்றேன், முதன்முறையாக. "அப்ப ஆரிட்டயும் கேப்பம்" என்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒன்பதாம் வகுப்போடு நான் படிப்பை விட்டுவிட்டேன். இப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. அந்தச் சனிக்கிழமைக்கும் இதற்கும் தொடர்பிருக்கிறதா என்று கேட்டால், ஒருநாள் ஓம் என்று வரும், ஒருநாள் இல்லை என்று வரும். கராஜ் இருந்த இடத்தில் நகம் அழகுபடுத்தும் கடை நடக்கிறது. ஹோட்டல் வேலையிலேயே ஓய்வுபெற்ற அப்பா கடிதங்களைக் கைபேசியில் படம்பிடிக்கிறார், அது மொழிபெயர்த்துச் சொல்கிறது. ஆனாலும் எனக்கு அழைத்து, "போன் இப்பிடிச் சொல்லுது, நீ என்ன சொல்லுறாய்?" என்பார். நான் அகராதியில் பார்த்து, வேலையிடத்தில் இரண்டு பேரிடம் கேட்டு, பின்னேரம் அழைத்து, "அப்பிடித்தான் இருக்க வேணும், எதுக்கும் இன்னொருக்காக் கேட்டுப் பாருங்கோ" என்கிறேன். தலையை நிமிர்த்தாமலே 'எண்டுதான் போட்டிருக்கு' என்று சொன்ன அந்தக் குரல் அதற்குப் பிறகு எனக்கு வரவேயில்லை.