டொரிலாவின் சூரையும் நெமேசியோவின் மாத்திரையும்

பெரு நாட்டின் சிம்போத்தே துறைமுகச் சந்தையில் டொரிலாவின் வாய்க்கு ஈடு கிடையாது. அவள் சூரை மீனைக் கூவினால், வாங்க வராதவனும் கூடையை நீட்டுவான். விற்பாளே தவிர, சூரையை அவள் வாயில் வைக்கமாட்டாள். அந்த வாடையே அவளுக்கு ஆகாது. நடுவில் காசநோய் வந்து படுத்தாள். புருஷன் அந்த நேரம் பார்த்துக் கம்பி நீட்டினான். அவளோ மாத்திரையை ஒருநாள் விடாமல் விழுங்கி, எழுந்து வந்து மறுபடி கடை போட்டாள். அதோடு விட்டாளா? சுகாதார நிலையத்து நர்ஸ் மரிட்ஸாவிடம் போய், எங்கள் தெருவில் யாருக்குக் காசநோய் வந்தாலும் மாத்திரையை நான்தான் கொடுப்பேன் என்று அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கூலியும் கிடையாது. என்ன பெண்பிள்ளை!

படகில் வலை இழுக்கும் நெமேசியோ அப்படி அவளிடம் வந்து சேர்ந்தவன். இருமி இருமி எலும்பும் தோலுமாகிப் போயிருந்தான். பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சி. மாத்திரை மட்டும் போதுமா, உடம்பு தேற வேண்டாமா என்று டொரிலா தன் கடைச் சூரையில் நல்ல துண்டாகப் பார்த்து வறுத்து, தினமும் மாத்திரையோடு கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அங்கேதான் வினை. சாப்பிட்ட சற்று நேரத்தில் அவன் முகம் செக்கச்செவேலென்று ஆகிவிடும். தலை பிளக்கும், நெஞ்சு படபடக்கும். மாத்திரைதான் தன்னைக் கொல்கிறது என்று முடிவுகட்டி, அவன் வாயை இறுக மூடிக்கொண்டான். டொரிலா கெஞ்சினாள், திட்டினாள். அசையவில்லை. பாதியில் விட்டால் மிச்சக் கிருமி மருந்துக்கு அடங்காமல் கொழுத்து ஆளையே தூக்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். மரிட்ஸாவிடம் ஓடினாள்.

என்ன சாப்பிட்டான் என்றுதான் மரிட்ஸா முதலில் கேட்டாள். சூரை என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அந்தக் கிருமி தன்னைச் சுத்தி மெழுகு மாதிரி சுவர் கட்டிக்கும் அக்கா. மாத்திரை அதைக் கட்ட விடாது. ஆனா சூரையில சேருற லேசான விஷத்தை நம்ம உடம்பு தானா முறிச்சிடும் இல்லியா, அப்படி முறிக்க விடாமலும் அதே மாத்திரை தடுத்துடுது. மத்தவங்களுக்கு அந்த மீன் ஒண்ணும் பண்ணாது. மாத்திரை போடுற இவனுக்குத்தான் ஆகாது."

டொரிலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் சூரையைத் தொடாததால், மாத்திரை விழுங்கிய காலத்தில் இது அவளுக்குத் தெரியாமலே போயிருந்தது. ஆசை ஆசையாகக் கொடுத்தது இப்படியா போய்ச் சேர வேண்டும்! நேரே அவன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவன் நம்பவில்லை.

"மாத்திரையை முழுங்க வைக்க நீங்க என்ன வேணா சொல்லுவீங்க அக்கா. உங்க மீன்தான் காரணம்னா, அதைச் சந்தையில நின்னு சொல்லுங்க பாப்போம்."

மீன்காரி சந்தையில் அப்படிச் சொல்வதும் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்வதும் ஒன்றுதான். சொல்லமாட்டாள் என்று தெரிந்துதான் கேட்டான்.

மறுநாள் காலை, கூட்டம் நெரியும் வேளையில், அவனைக் கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். மேடைமேல் ஏறி, மீன் கூவும் அதே குரலில் கத்தினாள்.

"எல்லாரும் கேளுங்க. இந்தப் புள்ள மூஞ்சி செவந்து துடிச்சது என் சூரையைத் தின்னுதான், மாத்திரையால இல்ல. காசநோய் மாத்திரை போடுறவங்க யாரும் என்கிட்ட சூரை வாங்காதீங்க!"

ஜனங்கள் காதில் பாதிதான் ஏறியது. கூடைகள் அடுத்த கடைக்கு நகர்ந்தன. இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றாள் அடுத்த கடைக்காரி. டொரிலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறங்கிக் கையைக் கழுவிக்கொண்டு, அவனிடம் மாத்திரையை நீட்டினாள்.

ஆளில்லாமல் போன கடையை நெமேசியோ பார்த்தான். விற்காமல் குவிந்து கிடந்த மீனைப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான்.