நூற்றியெட்டில் ஏறிய எங்கள் அம்மன்

என் வீட்டுக்காரரைக் கோயில் மண்டபத் தூணில் துண்டால் கட்டி வைத்திருந்தார்கள். ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருக்கும். உடம்பெல்லாம் கட்டெறும்பு ஏறுகிறது என்று அலறிக்கொண்டு, தட்டிவிடக் கையை அசைக்க முடியாமல், தோளைத் தூணில் தேய்த்துக்கொண்டிருந்தார். எறும்பு ஒன்றுகூட இல்லை. தோல் உரிந்து ரத்தம் வந்திருந்தது. என்னைப் பார்த்தார். யார் என்று தெரியவில்லை. பதினாறு வருஷம் குடும்பம் நடத்திய மனிதருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவரை அந்த மண்டபத்துக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தவளே நான்தான்.

அன்றைக்கு அம்மன் எனக்கு என்ன செய்தாள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவளைக் கும்பிடுகிறவர்களும் படியுங்கள், அவளிடம் கோபித்துக்கொண்டு இருப்பவர்களும் படியுங்கள். இரண்டு கட்சியிலும் நான் இருந்திருக்கிறேன்.

என் பெயர் மலர்க்கொடி. ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். வீட்டுக்காரர் ஏழுமலை கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். குடிக்கவில்லை என்றால் தங்கமான மனிதர் என்று குடிகாரன் பெண்டாட்டி எல்லாருமே சொல்வார்கள். நானும் சொல்கிறேன். முதலில் சம்பள நாளில் மட்டும் குடித்தார். அப்புறம் தினமும் சாயங்காலம். கடைசி இரண்டு வருஷம், காலையில் எழுந்ததும் கொஞ்சம் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கும், டீ கிளாஸைப் பிடிக்க முடியும். நான் ஏறி இறங்காத கோயில் இல்லை. தீ மிதித்தேன், மண் சோறு தின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் ஆத்திரத்தில் அம்மன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டேன். மூன்று மாதம் அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் கருணாபுரத்துக் கள்ளச்சாராயச் சாவுகள். எங்கள் பக்கத்தில் அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கிய பெண் ஒருத்திகூட இருந்திருக்க மாட்டாள். அதற்கு அடுத்த வருஷம் கள்ளக்குறிச்சியில் ஒரு தொண்டு நிறுவனம், குடிக்கும் போதைக்கும் அடிமையானவர்களுக்குத் துணை நிற்க ஆள் தயார் செய்கிறோம், ஒரு வருஷப் பயிற்சி, ப்ளஸ் டூ போதும் என்று நோட்டீஸ் ஒட்டியது. நான் சேர்ந்துவிட்டேன். ஊரே சிரித்தது.

"ஊட்ல ஒண்ண வச்சிக்கினு ஊருக்கு வைத்தியம் பாக்கப் போறியா?" என்றாள் எதிர்வீட்டு அஞ்சலை.

"ஊட்ல இருக்கறதாலதாண்டி போறேன். எனக்குப் பிராக்டிகல் ஏற்கெனவே முடிஞ்சிடுச்சு" என்றேன்.

அந்த ஒரு வருஷத்தை இப்போது நினைத்தால் இனிக்கிறது. அப்போது இனித்ததாக ஞாபகம் இல்லை. ஒரு உரக்கடையின் மாடியில் வகுப்பு. மத்தியான வெயில் ஏற ஏறக் கீழேயிருந்து யூரியா வாசனை வரும். இன்றைக்கும் எந்த உரக்கடையைத் தாண்டினாலும் எனக்கு நோட்டுப் புத்தகம் ஞாபகம் வருகிறது. பதினோரு பேர் படித்தோம். எங்களுக்குப் பாடம் எடுத்த நித்யா மேடத்துக்கு இருபத்தாறு வயது. எனக்கு முப்பத்தெட்டு. அது என்னை அக்கா என்று கூப்பிடும், நான் அதை மேடம் என்று கூப்பிடுவேன். ஒருத்தர் குடிக்கிறவராகவும் ஒருத்தர் ஆலோசகராகவும் நடித்துக் காட்ட வேண்டும். குடிகாரன் வேஷம் எப்போதும் எனக்குத்தான் விழும். தள்ளாடுவது, சத்தியம் செய்வது, அழுவது எல்லாம் அச்சு அசலாகச் செய்வேன், கைதட்டுவார்கள். ஆலோசகராக நடித்தால் மட்டும் இரண்டாவது நிமிஷமே எதிரில் இருப்பவரைத் திட்டிவிடுவேன்.

"அக்கா, நீங்க பேசறத நிறுத்துங்க. அவருக்கு இன்னா பயம்னு கேளுங்க" என்று மேடம் தலையில் கை வைத்துக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை ஆனால் கல்வராயன் மலைக்குப் போக வேண்டும். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறும். வெள்ளிமலையில் இறங்கும்போது முகத்தில் ஈரக் காற்று அடிக்கும். வீடு வீடாகப் போய் யார் குடிக்கிறார்கள், எத்தனை வருஷம், என்ன உபாதை என்று படிவம் நிரப்புவோம். தெரியாதவர்கள் வீட்டில் பலாச்சுளை தின்றுகொண்டே அவர்கள் கஷ்டத்தைக் கேட்டிருக்கிறோம். கஷ்டத்துக்கு நடுவில் அவர்கள் சிரித்த சிரிப்பும் காதிலேயே இருக்கிறது.

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் குடியை நிறுத்தக் காப்புக் கட்டுவது வழக்கம். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தால், பூசாரி மஞ்சள் கயிறு கட்டிவிடுவார். ஒரு மண்டலத்துக்குத் தொடக்கூடாது. முதல் மூன்று நாள் கோயில் எல்லையை விட்டே நகரக்கூடாது, மண்டபத்தில்தான் படுக்கை, கூழும் இளநீரும்தான் சாப்பாடு. நடுவில் எல்லை தாண்டினால் ஆள் பிழைக்க மாட்டான் என்பது நம்பிக்கை. அந்த ஆடியில் என் வீட்டுக்காரர் தானாக, "காப்பு கட்டிக்கிறேண்டி" என்றார். நான் ஓடிப்போய் அம்மன் படத்தை நேராகத் திருப்பி மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டியாயிற்று.

தினமும் காலையிலிருந்து குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று அதற்கு முந்தைய வாரம்தான் பரீட்சை எழுதியிருந்தேன். நடுக்கம், வியர்வை, இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, வலிப்பு, உயிருக்கே ஆபத்து, ஆகையால் மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். பத்துக்குப் பத்து வாங்கினேன். அந்தப் பதிலையும் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த என் புருஷனையும் நான் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவே இல்லை. அது பாடம், இது சாமி காரியம். அப்படித்தான் என் மண்டையில் இருந்தது. திங்கட்கிழமை அவருக்கு வேர்த்துக் கொட்டியபோது, கெட்டதெல்லாம் வெளியே போகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் மலைக்குக் கிளம்பும் முன் அம்மனிடம் போய் நின்றேன். அவர் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று மாமியார் சொன்னது மனதை உறுத்தியது. "தாயே, எது நல்லதோ அத என் கண்ணுல காட்டு" என்று மட்டும் கேட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. விரிவாக வேண்ட நேரமில்லை.

அன்றைக்கு மலையில் நான் போன முதல் வீடு ராமாயி அக்காவுடையது. வாசலில் மரவள்ளிக்கிழங்கு குவித்து மண் தட்டிக்கொண்டிருந்தார். படிவத்தில் கணவர் பெயருக்கு எதிரே, இறந்துவிட்டார் என்று எழுதினேன். எதனால் என்று கேட்க வேண்டும். கேட்டேன்.

"குடிச்சுக்கினு இருந்தவரைக்கும் நல்லாத்தாம்மா இருந்தாரு" என்றார் அவர். "திருவிழாவுக்கு வெரதம்னு ஒரேடியா நிறுத்தினாரு. மூணாம் நாளு பூச்சி ஊருது பூச்சி ஊருதுன்னாரு. காத்து கருப்புன்னு நெனச்சோம். வேப்பல அடிச்சோம். இழுத்துக்கினு போயிட்டாரு."

மூணாம் நாள். பேனா என் கையிலேயே இருந்தது. எழுத வரவில்லை. அப்போதுதான், அந்த நிமிஷத்தில்தான், என் பரீட்சைத் தாளும் என் வீட்டுக்காரரும் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றார்கள். காலையில் நான் கேட்டதை அம்மன் காட்டிவிட்டாள் என்று என் உடம்புக்கே தெரிந்தது.

"அக்கா, எங்கூட்டுக்காரருக்கு இன்னைக்கு மூணாம் நாளு" என்றேன். ராமாயி அக்கா கிழங்கை அப்படியே போட்டுவிட்டு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். போனில் சிக்னல் இல்லை. பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு வண்டியை அவர்தான் நடுரோட்டில் நின்று மறித்தார். டிரைவர் கத்தினான். அவர் அவனைவிடச் சத்தமாகக் கத்தி என்னை ஏற்றிவிட்டார்.

கச்சிராயபாளையத்தில் சிக்னல் வந்தது. முதலில் மாமியாருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. நித்யா மேடம் எடுத்தது. "அக்கா, உடனே நூத்தியெட்டுக்குப் போன் பண்ணி ஊருக்கு வரச் சொல்லுங்க. அங்க யார்கிட்டயும் சண்ட போடாதீங்க. நேரம் போயிடும்" என்றது. மேடத்துக்கு என்னை நன்றாகத் தெரியும். நூற்றியெட்டுக்குச் சொல்லிவிட்டு ஊருக்கு ஓடினேன்.

நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது கண்ட காட்சியைத்தான் முதலில் சொன்னேன். ஆம்புலன்ஸும் சிறிது நேரத்தில் வந்துவிட்டது. ஆனால் ஊர் மறித்துக்கொண்டு நின்றது. எல்லையைத் தாண்டவிட்டால் சாமி குத்தம். ஒளிந்து குடித்திருப்பான், அதனால்தான் அம்மன் பிடித்து ஆட்டுகிறாள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மாமியார் மகனின் காலைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. எனக்குத் திட்டு வாய் வரை வந்துவிட்டது. என் வாய் எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு மாமியார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அத்தே, உங்களுக்கு இன்னா பயம்? எங்கிட்ட சொல்லுங்க."

"எல்ல தாண்டினா எம்புள்ள செத்துருவாண்டி."

"இங்கயே இருந்தா செத்துருவாருன்னுதான் எனக்கும் பயம், அத்தே."

அவர் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே பயத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். கூட்டம் கொஞ்சம் அடங்கியது. பூசாரி கன்னியப்பன் எழுந்து உள்ளே போனார். அம்மனின் இரண்டு தோளிலும் பூ வைத்தார். வலது பக்கத்துப் பூ விழுந்தால் கொண்டுபோக உத்தரவு.

விழவில்லை. என் வீட்டுக்காரர் தூணில் மோதிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அதைப்போல வேண்டியதில்லை. "பூ குடுக்காட்டிப் போ. ஆளக் குடு. எனக்கு ஆள் போதும்." அவ்வளவுதான். மரியாதை இல்லாத வேண்டுதல். அழுகையில் அதற்கு மேல் வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது பூ அப்படியே இருந்தது. பூசாரி அம்மன் முன்னால் இருந்த கலசத்தைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார். வேப்பிலையும் தேங்காயும் வைத்த, காப்புக் கட்டுக்கென்று நிறுத்திய கலசம்.

"பூ வுழல. அவ யோசிச்சிக்கினு இருக்கா. அவ யோசிச்சு முடிக்கறவரைக்கும் இவன் தாங்க மாட்டான்" என்றார். "கலசம் இருக்கற எடந்தான் எல்ல. நான் எல்லயத் தூக்கிக்கினு கூட வரேன். அவுத்து வுடுங்கடா அவன."

துண்டை அவிழ்த்தார்கள். முதலில் அவிழ்த்த கை மாமியாருடையது. ஆம்புலன்ஸில் ஒருத்தர்தான் கூட ஏறலாம் என்றார்கள். "நான் ஆளுக் கணக்கு இல்லீங்க, சாமி தூக்கறவன்" என்று பூசாரி ஏறி உட்கார்ந்துவிட்டார். தியாகதுருகம் தாண்டும்போது என் வீட்டுக்காரருக்கு வலிப்பு வந்தது. உள்ளே இருந்த தம்பி ஊசி போட்டு, மூச்சுக் காற்று வைத்தார். நான் வீட்டுக்காரர் காலைப் பிடித்துக்கொண்டேன். பூசாரி ஒரு கையால் கலசத்தையும் ஒரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டார். அந்த வலிப்பு மண்டபத்தில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அதை நான் எழுத விரும்பவில்லை.

மறுநாள் காலையில் மூன்று நாள் கணக்கு முடியும்வரை பூசாரி வார்டுக்கு வெளியே வராந்தாவில் கலசத்தோடு உட்கார்ந்திருந்தார். நர்ஸம்மா வந்து என்ன இது என்றார். "எங்க அம்மாங்க. புள்ளயப் பாக்க வந்திருக்கா" என்றார். நர்ஸம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் என் வீட்டுக்காரர் கண் விழித்து, "மலரு, கையில கயிறு இருக்குதா பாரு" என்றார். இருந்தது.

அதற்கப்புறம் ஒரு தடவை சறுக்கினார், கார்த்திகை மாதத்தில். மறைக்க மாட்டேன். நானே கூட்டிப்போய் மறுபடி சேர்த்தேன், திட்டாமல். அன்றிலிருந்து இன்றுவரை தொடவில்லை. நான் பயிற்சியை முடித்து அந்த நிறுவனத்திலேயே வேலை செய்கிறேன். இப்போது எங்கள் கோயிலில் காப்புக் கட்டும் முன் பூசாரி, "கடைசியா எப்ப குடிச்ச? காலையில கை நடுங்குதா? கைய நீட்டு" என்று கேட்கிறார். நடுங்கினால் கயிறு இல்லை. முதலில் ஆஸ்பத்திரி, வந்த பிறகு அம்மன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் குங்குமத் தட்டுக்குப் பக்கத்தில் நான் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். நீங்களும் வேண்டுங்கள், என்னைப்போலச் சண்டை பிடித்தாவது வேண்டுங்கள். டாக்டரிடம் போவதை அவள் குத்தமாக எடுத்துக்கொள்ள மாட்டாள். கூடவே வருவாள்.

அவர் நடமாடத் தொடங்கியதும் இரண்டு பேருமாக மலைக்குப் போனோம். ராமாயி அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப எங்கூட்டுக்காரரு சும்மா சாவல" என்றார்.

என் வீட்டுக்காரர் அவர் காலில் விழுந்தார். எனக்கு அன்று அழுகை நிற்கவே இல்லை. அப்புறம் ராமாயி அக்கா கிழங்கு வேகவைத்துக் கொடுத்தார். மூன்று பேரும் சாப்பிட்டோம்.