கணக்கு மிஸ்ஸுக்கு அம்மா ஒட்டிய அம்பு

என் நாத்தனார் மகன் இந்த வருஷம் ஆறாம் வகுப்புக்குப் போகிறான். அவனுடைய பள்ளிக்கூடத்திலிருந்து பெற்றோர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள். ஆறாம் வகுப்பில் பிள்ளை தடுமாறாமல் படிக்க வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும் என்று பத்து யோசனைகள். படிப்பதற்குத் தனியாக ஒரு மேஜை வேண்டுமாம். தினமும் நோட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டுமாம். ஏழாவது யோசனைக்கு வந்தபோது எனக்குச் சுர்ரென்று ஏறியது. சந்தேகம் இருந்தால் தயங்காமல் ஆசிரியரிடம் தெரிவியுங்கள் என்று போட்டிருந்தார்கள். தயங்காமலாம்! என் அம்மா ஒரு தடவை தயங்காமல் தெரிவித்தாள். அதுவும் வாயைத் திறக்கவில்லை, நகத்தளவு ஒரு சிவப்புக் காகிதத்தால்தான் தெரிவித்தாள். அதற்கு என்ன கிடைத்தது என்று இந்தத் தாளை எழுதிய புண்ணியவான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் மாதனூர் பக்கம். அங்கே ஊராட்சிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை தமிழில் படித்தேன். அம்மாவும் சித்தியும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் லைனில் பக்கத்துப் பக்கத்து மேஜை. தைத்து வருகிற ஷூவை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். தையல் விட்டுப்போயிருந்தாலும் தோலில் கீறல் இருந்தாலும், எங்கே குறையோ அந்த இடத்தைக் காட்டும்படி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அத்தோடு அவர்கள் வேலை முடிந்தது. என்ன குறை என்று எழுதுவதோ சண்டை போடுவதோ கிடையாது. அம்பைப் பார்த்துத் தைத்தவர் சரிசெய்து அனுப்ப வேண்டும்.

என்னை ஆம்பூரில் பெரிய பள்ளியில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அந்தப் பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். தலைமை ஆசிரியை என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார். "கிராமத்துல தமிழ்ல படிச்ச பொண்ணு. காலாண்டு வரைக்கும் பாக்கலாம். ஒரு பாடத்துல போனாலும் டி.சி. குடுத்துடுவோம். அப்பறம் வந்து அழக் கூடாது" என்றார். பதினோரு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லலாமா என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அம்மா அன்றைக்குத் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

ஆறாம் வகுப்பு என்பது எனக்கு ஒரு வெளிநாடு. ஊரில் ஒரே டீச்சர், ஒரே அறை. இங்கே மணி அடித்தால் ஒரு மிஸ் போய் இன்னொரு மிஸ் வந்தார். முதல் மிஸ் சொன்னதில் பாதி புரிவதற்குள் மூன்றாவது மிஸ் பலகையை அழித்துக்கொண்டிருந்தார். கணக்கு மிஸ் ஃப்ராக்‌ஷன், ஃப்ராக்‌ஷன் என்று சொன்னது நான் ஊரில் நூற்றுக்கு நூறு வாங்கின பின்னம்தான் என்று எனக்கு உறைப்பதற்கே ஒரு மாதம் ஆயிற்று. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டில் எனக்குச் சொல்லிக்கொடுக்க யார் இருந்தார்கள்? அப்பா, "இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு, ஊர்லயே படிக்கட்டுமே" என்று சொல்வதோடு சரி. எட்டாவது படித்த அம்மாதான் உட்கார்ந்தாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, முகம் கழுவி, உலை வைத்ததும் என் நோட்டை எடுத்துக்கொண்டு டியூப்லைட்டுக்கு அடியில் உட்கார்ந்துவிடுவாள். இடது பக்கம் பாடப் புத்தகம், வலது பக்கம் என் நோட்டு. அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் இடது ஷூவும் வலது ஷூவும் அச்சு மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியும். அதே கண்ணால் புத்தகத்தையும் நோட்டையும் எழுத்து எழுத்தாக ஜோடி பார்த்தாள். ஓர் எழுத்து குறைந்தால் அம்பு. முற்றுப்புள்ளி விட்டுப்போனால் அம்பு. ஸ்டிக்கர் தாளின் ஓரங்களில் மிஞ்சுவதைக் கேட்டு வாங்கி வந்திருப்பாள்.

"இன்னா தப்புன்னு சொல்லும்மா" என்று நான் சிணுங்கினால், "எடத்தக் காட்டிட்டேன் இல்ல? இன்னான்னு நீ பாரு" என்பாள். நான் பார்த்து, திருத்தி, ஸ்டிக்கரைப் பிய்த்துவிட வேண்டும். பிய்க்காத அம்போடு என் நோட்டு ஒருநாளும் பள்ளிக்கூடம் போனதில்லை. எனக்கு அது பெரிய தொல்லையாக இருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு டியூஷன் இருந்தது, எனக்கு ஸ்டிக்கர் இருந்தது. ஆனால் ஆகஸ்ட் முடிவதற்குள் என் நோட்டில் அம்புகள் குறைந்துவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும்.

காலாண்டுப் பரீட்சை வந்தது. மற்ற எல்லாப் பாடத்திலும் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டேன். கணக்கில் மட்டும் முப்பத்து மூன்று. பாஸ் ஆக முப்பத்தைந்து வேண்டும். விடைத்தாளில் பெற்றோர் கையெழுத்து வாங்கி இரண்டு நாளில் திருப்பித் தர வேண்டும், அதற்குப் பிறகு ஃபெயிலானவர்கள் பட்டியல் தலைமை ஆசிரியையிடம் போகும் என்று மிஸ் சொன்னார். டவுன் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

அம்மா திட்டவில்லை. தாளை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை பார்த்தாள். ஜோடி பார்க்கப் பக்கத்தில் புத்தகம் இல்லாததால் அவள் கண் தடுமாறியது. அப்போதுதான் நான் மெதுவாகச் சொன்னேன், ஒரு கணக்கு மட்டும் சரியாகப் போட்டேன் என்று நினைக்கிறேன் என்று. பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் எல்.சி.எம். கேட்டிருந்தார்கள். இரண்டின் வாய்ப்பாட்டிலும் பொதுவாக முதலில் வருகிற எண் எதுவோ அதுதான் விடை. நான் முப்பத்தாறு என்று எழுதியிருந்தேன். மிஸ் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பக்கத்தில் ஆறு என்று எழுதியிருந்தார். இரண்டு மார்க் கேள்வி.

"பன்னெண்டாம் வாய்ப்பாட்டுல ஆறு எங்க வருது?" என்றாள் அம்மா.

"வராதும்மா."

"மிஸ்ஸக் கேட்டியா?"

"மிஸ்ஸ எப்படிம்மா கேக்கறது?"

மறுநாள் அம்மா அந்தத் தாளைத் தன் டிபன் பையில் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது அதில் அவள் கையெழுத்து இருந்தது. கூடவே ஒரு சிவப்பு அம்பும் இருந்தது. அம்பு என் முப்பத்தாறைக் காட்டவில்லை. மிஸ் எழுதிய ஆறைக் காட்டியது.

"ஐயோ, மிஸ்ஸுக்கே ஒட்டிட்டியாம்மா?"

"தப்பு எங்க கீதோ அங்கதான் ஒட்டுவாங்க."

"மிஸ் திட்டுவாங்க."

"இன்னாத்துக்குத் திட்றாங்க? எங்க லைன்ல ஒட்னா யாராச்சும் திட்றாங்களா? பாத்து சரி பண்ணிக் குடுப்பாங்க. அவ்ளோதான்."

அம்மா உண்மையாகவே அப்படித்தான் நம்பினாள். தப்பைக் காட்டுவது மரியாதைக் குறைவு என்று அவளுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. பஸ்ஸில் போகும்போது பிய்த்துவிடலாமா என்று நான் இரண்டு தடவை தாளை எடுத்தேன். பிய்க்கவில்லை. பயம் ஒரு பக்கம் இருந்தாலும், எனக்கும் கேட்க ஓர் ஆள் இருக்கிறது என்ற திமிர் அதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாக இருந்தது.

மிஸ் அந்த அம்பை வகுப்பிலேயே பார்த்துவிட்டார். "இது யார் வேலை?" என்றார். அம்மா ஒட்டினாங்க மிஸ் என்றேன். நாளைக்கு அம்மா வந்தால்தான் வகுப்புக்குள் நுழையலாம் என்று சொல்லிவிட்டார்.

அம்மா இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டு, கேட் பாஸ் வாங்கிக்கொண்டு, கம்பெனியின் நீலக் கோட்டை மடித்துப் பையில் திணித்துக்கொண்டு பதினொரு மணிக்கு வந்தாள். ஆசிரியர்கள் அறையில் மிஸ் உட்கார்ந்திருந்தார். எதிரில் காலி நாற்காலி ஒன்று இருந்தது. அம்மா நின்றாள்.

"எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது மிஸ்."

"நான் எம்.எஸ்சி., பி.எட். என் திருத்தத்துல நீங்க தப்பு கண்டுபிடிக்கறீங்களா?" மிஸ் என் விடைத்தாளின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "தோல்ல ஒட்றதக் கொண்டாந்து என் பேப்பர்ல ஒட்டியிருக்கீங்க. கை வச்சாலே நாறுது. இது பள்ளிக்கூடம்மா, செருப்பு தைக்கிற எடம் கெடையாது."

இதை எழுதும்போது இன்னும் என் காது சுடுகிறது. ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் தோல் நாறுகிறது என்கிறார்! அந்தப் பள்ளிக் கட்டடத்தையே தோல் பதனிடுகிற ஒரு ஷாப் முதலாளிதான் கட்டிக் கொடுத்திருந்தார். அவர் படம் மிஸ்ஸின் தலைக்குமேல் மாலையோடு தொங்கியது. முதலாளியின் கட்டடம் மணக்கும், என் அம்மா தொட்ட காகிதம் நாறும். இது எந்த ஊர் நியாயம்? யானைக்கும் அடி சறுக்கும். நூறு தாள் திருத்துகிற கை ஒன்றில் தவறலாம். கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இரண்டு மார்க் போட்டிருந்தால் நான் அந்த மிஸ்ஸை இன்றைக்கும் கும்பிட்டிருப்பேன்.

அம்மா இப்போது வாய்ப்பாட்டைச் சொல்லப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன். பன்னிரண்டு, இருபத்து நான்கு, முப்பத்தாறு. அவளுக்கு மனப்பாடம். எனக்குத் தெரியும்.

"தப்புதான் மிஸ்" என்றாள் அம்மா. "தெரியாம ஒட்டிட்டேன். மன்னிச்சுக்கோங்க. பொண்ண மட்டும் அனுப்பிடாதீங்க."

தாளை வாங்கி, கிழியாமல், நகத்தால் அந்த அம்பைப் பிய்த்தாள். பிய்த்த இடத்தை மிஸ் குனிந்து பார்த்தார். அவர் கண் முப்பத்தாறுக்கும் ஆறுக்கும் இடையில் இரண்டு தடவை போய் வந்தது. புரிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், மிஸ்ஸுக்குப் புரிந்துவிட்டது. பேனாவைத் திறந்தார். ஆனால் என் முப்பத்தாறின் மேல் போட்ட சிவப்புக் கோட்டை அடித்துத் திருத்தவில்லை. முதல் பக்கத்துக்குப் போய், முப்பத்து மூன்றுக்குப் பக்கத்தில் "கிரேஸ் 2" என்று இங்கிலீஷில் எழுதி, முப்பத்தைந்து ஆக்கினார்.

"பாவம், கிராமத்துப் புள்ளன்னு போடறேன். இனிமே இப்படி நடந்துக்காதீங்க."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். என்னுடைய சொந்த இரண்டு மார்க்கை எனக்கே பிச்சையாகப் போட்டார். அம்மா இரண்டு கையையும் கூப்பி, "ரொம்ப நன்றி மிஸ்" என்றாள்.

வராந்தாவுக்கு வந்ததும் நான் வெடித்தேன்.

"நான் சரியாத்தான போட்டேன்?"

"ம்."

"சரின்னு தெரிஞ்சுதான நீ ஒட்டின?"

"ம்."

"அப்பறம் இன்னாத்துக்கு மன்னிப்பு கேட்ட? உனக்கு ரோஷமே கெடையாதாம்மா?"

இரண்டு பிள்ளைகள் தண்ணீர்க் குழாயிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் ரிப்பனைத் தொட்டு ஏதோ சரிசெய்தாள். "பெல் அடிச்சிட்டாங்க. கிளாஸுக்குப் போ" என்று சொல்லிவிட்டு கேட்டைப் பார்த்து நடந்தாள். பர்மிஷன் முடிய அரை மணிதான் இருந்தது.

ஒரு வாரம் நான் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை. நோட்டைப் பார்க்க வந்தபோது, நீ ஒட்டவும் வேண்டாம், அப்புறம் பிய்க்கவும் வேண்டாம் என்றேன். அவள் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. நான் அந்தப் பள்ளியிலேயே பன்னிரண்டாவதுவரை படித்து முடித்து, இப்போது வேலூரில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மிஸ் கதையை நான் சொல்லாத இடமில்லை. தோழிகளிடம், கணவரிடம், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதுகூடச் சொல்லியிருக்கிறேன்.

இந்த வாட்ஸ்அப் தாள் வந்த அன்று சித்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளிடமும் ஆரம்பித்தேன். மிஸ் பேசியதை நான் நடித்துக் காட்ட, சித்தி என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"மிஸ் இப்படியா பேசினாங்க? ஒங்கம்மா எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றாள். "அந்தக் கணக்க லன்ச்ல நாங்க எட்டு பேரு போட்டுப் பாத்தோம்டி. பொட்டி அட்டைல பன்னெண்டாம் வாய்ப்பாடு, பதினெட்டாம் வாய்ப்பாடு எல்லாம் எழுதி, சரிதான்னு ஆனப்பறம்தான் ஒட்டினா. ரெண்டு நாள் கழிச்சு ஸ்கூல்ல இருந்து வந்தவகிட்ட எல்லாருமே கேட்டோம், இன்னா ஆச்சுன்னு. மார்க் போட்டுட்டாங்கன்னா. லைனே கைதட்டிச்சு. அப்பறம் பாத்தா சோத்தத் தொடாம ஒக்காந்துனு கீறா. இன்னாடின்னு நான் கேட்டதுக்கு, 'எம் பொண்ணு கேட்டுட்டாடி, ஒனக்கு ரோஷமே கெடையாதான்னு'ன்னு சொல்லி அழுதா. சூப்பர்வைசர் வர்ற வரைக்கும் அழுதா."

எனக்கு மிஸ்மேல் உள்ள கோபம் இன்றைக்கும் கொஞ்சம்கூடக் குறையவில்லை. குறைத்துக்கொள்ளவும் மாட்டேன். ஆனால் மிஸ் பேசியதையெல்லாம் அம்மா அந்த வராந்தாவிலேயே உதறிவிட்டுப் போயிருக்கிறாள். கம்பெனிவரை அவளோடு போனது நான் கேட்டது மட்டும்தான். பதினோரு வயதில் அது எனக்குத் தெரியவில்லை. அவள் கேட்டைத் தாண்டுவதற்குள் நான் வகுப்புக்குள் நுழைந்து, என் இடத்தில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் ரோஷம் உள்ளவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டேன்.